கரி பஸ் மாயக்காவின் வாய்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது அல்ல.

போன வருஷம் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தி கையில் போன். அதில் ஒரு படக்கதை. இன்னொருத்தி கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தாள். படம் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. ஆகவே முதலாமவள் வாசித்துச் சொல்லிக்கொண்டு வந்தாள். படத்தில் ஒரு பெண் சோற்றுத் தட்டைச் சுவரில் வீசி எறிகிறாள். "அம்மா, எனக்கு இப்பப் பசி இல்லம்மாங்கிறா" என்றாள் வாசித்தவள். நான் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். அங்கே எழுதியிருந்தது: 'உன் சோறும் வேண்டாம், உன் சொத்தும் வேண்டாம்.'

கேட்டவள் சற்று யோசித்தாள். "பசி இல்லாததுக்கா தட்டத் தூக்கி எறியுறா?"

இருவரும் வழியிலேயே இறங்கிவிட்டார்கள். பொய் மட்டும் என்னோடு திருச்சுழி வரை வந்தது. அந்தப் படத்தைப் போட்டவளிடமே யாராவது அப்படி மாற்றி வாசித்துக் காட்டினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். இந்தக் காலத்தில் அது நடக்காது. ஒரு கண்ணாடியை இரவல் வாங்கினால் பொய் உடைந்துபோகும். எனவே கதையை 1946க்குத் தள்ளிக்கொண்டு போனேன். தள்ளுவது இந்தக் கதைக்குப் பொருத்தமான வேலைதான் என்பது போகப்போகத் தெரியும்.

2

தொடக்கங்கள்:

'செந்நிற வானத்தின் கீழே கரிசல் காடு விரிந்து கிடக்க, லிங்கம்மாள் தொலைவை நோக்கி' — வேண்டாம். லிங்கம்மாள் தொலைவை நோக்குகிற ஆள் இல்லை. அவளுக்கு அதற்கு நேரமும் இல்லை.

'உலக யுத்தம் முடிந்து ஓராண்டு ஆகியிருந்தது. காகிதத்துக்கும் பெட்ரோலுக்கும்' — இது பாடப் புத்தகம்.

'லிங்கம்மாளுக்கு எழுத்து தெரியாது.' உண்மைதான். ஆனால் ஒருத்தியை அறிமுகம் செய்யும்போது அவளிடம் இல்லாததை வைத்தா ஆரம்பிப்பது?

சரி, இப்படி: லிங்கம்மாளுக்கு எதைப் பார்த்தாலும் கை துறுதுறுக்கும்.

அருப்புக்கோட்டையில் நெசவாளர் தெருவில் இருந்தாள். வயது இருபத்தெட்டு. வீட்டுக்குள் கன்னடம், வாசல் தாண்டினால் தமிழ். புருஷன் நாகையா தறியில் உட்கார்ந்திருப்பான். இவள் ராட்டையில் நூல் சுற்றிக் கொடுப்பாள். சுற்றி முடித்த கை சும்மா இருக்காது. அடுப்புக்கரியை எடுத்து ராட்டைக்கு மேலே சுவரில் படம் போடும். கட்டம் போட்ட சேலை நெய்கிற வீடு, ஆகையால் சுவரையும் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டாள். முதல் கட்டத்தில் நடந்தது இரண்டாவது கட்டத்தில் தொடரும். அதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்தக் கட்டங்களில் ஒரு பஸ் ஓடியது. பெட்ரோல் கிடைக்காத நாள்; பஸ்ஸெல்லாம் கரியில் ஓடின. பின்பக்கம் ஆளுயர உலை ஒன்று. கண்டக்டர் அதில் கரியைக் கொட்டி, விசிறியைச் சுற்றி, புகை கிளம்பி, வண்டி மனம் வைத்து நகரும். மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். லிங்கம்மாளின் சுவரில் அந்த பஸ்ஸை ஓட்டியது ஒரு பொம்பளை. அகலமான தோள், அதைவிட அகலமான வாய். பெயர் மாயக்கா.

ஒரு நாள் சேலை வாங்க ரூத் டீச்சர் வந்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு எடுப்பவள். வாங்க வந்த சேலையை விட்டுவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசிக் கட்டத்தில் பஸ் ஒரு மேட்டில் பாதியில் நின்றிருந்தது.

"இதுக்கு அடுத்தாப்ல என்ன ஆகும்?"

லிங்கம்மாளிடம் அதற்கு முன் யாரும் இப்படிக் கேட்டதில்லை. நாகையா, சுவர் கரியாகிறது என்று மட்டும்தான் சொல்லியிருந்தான்.

(இந்த இடத்தில் ரூத்தை 'அவர்' என்றும் லிங்கம்மாளை 'அவள்' என்றும் எழுதிப் பார்த்தேன். ஒரே தாளில் எழுத்து எழுதியவளுக்கு ஒரு மரியாதை, படம் போட்டவளுக்கு வேறு மரியாதை என்று ஆகிவிட்டது. அடித்தேன். இருவரும் 'அவள்'.)

3

இருவரும் பத்திரிகை ஆரம்பித்தார்கள். பெயர்: 'கரி பஸ் மாயக்கா'. நான்கு பக்கம்.

எப்படி அச்சடித்தார்கள் என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடத்தில் கேள்வித்தாளைப் பல பிரதி எடுக்க ரூத் ஒரு ஜெல்லித் தட்டு வைத்திருந்தாள். ஆசாரிமார் மரம் ஒட்டுகிற வச்சிரப் பசையையும் கிளிசரினையும் காய்ச்சித் தட்டில் ஊற்றினால் அல்வா மாதிரி உறைந்துவிடும். ஊதாச் சாயத்தால் எழுதிய தாளை அதன்மேல் அழுத்தி எடுத்தால் மை அல்வாவில் இறங்கும். பிறகு வெறுந்தாள்களை ஒவ்வொன்றாக ஒற்றி எடுக்க வேண்டியதுதான். முப்பத்தைந்து பிரதி வரும். முதல் பிரதி கத்தரிப்பூ நிறம். கடைசிப் பிரதி அந்தப் பூவின் ஞாபகம். இதே மாதிரி ஒரு தட்டை லிங்கம்மாளும் செய்துகொண்டாள்; மைக்கு நாகையா நூலில் ஏற்றுகிற சாயம்.

காகிதம் திருச்சுழி பஸ் கண்டக்டர் ராமசுப்பு கொடுத்தது. யுத்த காலத்தில் ஊர் ஊராகக் கொடுக்கச் சொல்லி அவனிடம் தந்த நோட்டீஸ் கட்டுகள் வண்டிக் கூரையிலேயே கிடந்தன. ஒரு பக்கம் 'வதந்தி பரப்பாதீர்' என்று அச்சாகியிருக்கும். மறுபக்கம் வெறுமை. அங்கேதான் மாயக்கா குடியேறினாள். பந்தல்குடி டீக்கடைக்கு நான்கு, திருச்சுழிக்குப் பத்து, பரளச்சிக்கு ஐந்து என்று ராமசுப்புவே கொண்டுபோய்க் கொடுத்தான். காரியாபட்டி சந்தைக்கு வேறு பஸ்ஸில் ஏற்றிவிட்டான். யாரும் எதுவும் கொடுக்க வேண்டாம். தலைப்பில் ஒரே ஒரு நிபந்தனை: 'படித்துவிட்டு அடுத்தவரிடம் தரவும்.'

லிங்கம்மாள் படம் போடுவாள். பேசுகிறவர் வாயிலிருந்து வால் வைத்து ஒரு வட்டம் போடுவாள். அதற்கு அவள் வைத்த பெயர் முட்டை. "இந்த முட்டையில இதச் சொல்றா" என்று வாயால் சொல்லுவாள். ரூத் அழகான உருண்டை எழுத்தில் எழுதுவாள். எழுதி முடித்து, லிங்கம்மாள் சொன்னபடியே வாசித்தும் காட்டுவாள். இப்படி இரண்டு இதழ் வந்தன.

4

மூன்றாம் மாதம், மூன்றாவது இதழும் வெளியான பிறகு, திருச்சுழியில் நாகையாவின் அக்காளுக்குக் குழந்தை பிறந்தது. பார்க்க லிங்கம்மாள் ராமசுப்புவின் பஸ்ஸிலேயே கிளம்பினாள். பாதி வழியில் உலை அணைந்துவிட்டது. ராமசுப்பு கரி கிளறும் வரை ஜனம் இறங்கி, உடைமர நிழல் என்று பெயருக்கு இருந்த நிழலில் உட்கார்ந்தது.

பரளச்சி பேச்சி, கம்புத் தானியம் விற்றுவிட்டு ஊர் திரும்புகிறவள், மடியிலிருந்து ஒரு ஊதாத் தாளை எடுத்தாள். மூக்குக் கண்ணாடி போட்டிருந்த ஒருவரிடம் நீட்டினாள்.

"அருஞ்சுனை மாமா, இத வாசியும். நாலு நாளா படத்தயே பாத்துக்கிட்டுத் திரியிறேன்."

லிங்கம்மாள் அது தன் தாள் என்று கண்டுகொண்டாள். தான் போட்ட படத்தை அந்நிய ஜனம் வாசிக்கக் கேட்பது இதுதான் முதல் தடவை. முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

படம் இது: பஸ் மேட்டில் நிற்கிறது. எல்லோரும் தள்ளுகிறார்கள். ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் மட்டும் இறங்காமல் தொப்பியோடு உள்ளே உட்கார்ந்திருக்கிறார். மாயக்கா இடுப்பில் கைவைத்து, வாய் காது வரை கிழிய ஒரு சத்தம் போடுகிறாள். அந்த முட்டைக்கு லிங்கம்மாள் சொன்ன வசனம் அவளுக்கு மனப்பாடம்: 'ஏ தொப்பி, வண்டி உம்ம சலாமுக்கு நகராது. எறங்கித் தோளக் குடும்.'

அருஞ்சுனை தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்:

"ஐயா அவர்களே! தயைகூர்ந்து தாங்களும் ஒரு கை கொடுத்து உதவினால், யாவரும் நலமே ஊர் போய்ச் சேரலாம் அல்லவா?"

யாரும் சிரிக்கவில்லை.

"அவ்வளவுதான் போட்டிருக்கா?" என்றாள் பேச்சி.

"கீழ ஒண்ணு இருக்கு. 'நீதி: பெரியோரிடம் பணிந்து பேசுக.'"

பேச்சி தாளைப் பிடுங்கிக்கொண்டாள். "பொய். அவ வாயப் பாரும் மாமா. குகை மாதிரித் தெறந்து கெடக்கு. இவ்வளவு பெரிய வாயில இருந்து 'தயைகூர்ந்து' எப்படி வரும்? படம் போட்டவ வேற, எழுதுனவ வேற. நான் எங்கயும் சத்தியம் பண்ணுவேன்."

லிங்கம்மாளுக்கு அழுகை வரவில்லை. தன் படத்தை இவ்வளவு கவனமாகப் பார்த்த ஒருத்தி பக்கத்திலேயே இருக்கிறாள் என்ற சந்தோஷமும், தன்னைத் தோழி ஏமாற்றிவிட்டாள் என்ற கோபமும் ஒரே நேரத்தில் வந்து, எதற்கு முதலில் இடம் கொடுப்பது என்று தெரியாமல் எழுந்து போய் பஸ்ஸைத் தள்ள ஆரம்பித்தாள். உலை இன்னும் பற்றவில்லை. வண்டி நகரவும் இல்லை.

5

"எழுதுனதெல்லாம் வாசிச்சுக் காட்டுங்க டீச்சரம்மா. மூணு இதழும்."

ரூத் வாசித்தாள். பொய் சொல்லவில்லை, இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி வாசித்தாள். மூன்று இதழிலும் மாயக்கா ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்குப் போய்வந்தவள் மாதிரியே பேசியிருந்தாள்.

"இது நான் சொன்னதா?"

"நீ சொன்னத எழுத முடியாது லிங்கம்மா."

"ஏன் முடியாது? கை வலிக்குமா?"

"என் எழுத்து ஊருக்கே தெரியும். நான் எழுதுன கேள்வித்தாள் வீட்டுக்கு வீடு கெடக்கு, அதே ஊதா மையில. இன்ஸ்பெக்டர 'ஏ தொப்பி'ன்னு எழுதுனா, மறுநாள் பள்ளிக்கூட மேனேஜர் என்னக் கூப்பிட்டு வேலைய விட்டு நிப்பாட்டிருவாரு. அம்மா ஒருத்தி இருக்கா, நான்தான் கஞ்சி ஊத்தணும்."

"அத எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

ரூத் இதழ்களை அடுக்கி ஓரம் சேர்த்தாள்.

"நீங்க பயந்தது தப்பில்ல. நான் எழுத்துத் தெரியாதவன்னுதான சொல்லாம விட்டீக? அதுதான் தப்பு."

(முதல் வரைவில் ரூத்தைக் கெட்டவளாக எழுதியிருந்தேன். மூக்கு நுனியில் கோபம், வாயில் உபதேசம். வேலை சுலபமாக முடிந்தது. பிறகு அவள் அம்மா கஞ்சிக்காகக் காத்திருப்பது தெரிந்தது. நான் மட்டும் என்ன, எத்தனை பாத்திரங்கள் சொன்னதை மெருகேற்றி மாற்றி எழுதியிருக்கிறேன்? அவர்களில் யாரும் என் வீட்டுக்கு வந்து வாசித்துக் காட்டச் சொன்னதில்லை. அதுவரை எனக்கு நல்ல காலம்.)

"அப்ப நீங்க எழுத வேண்டாம்" என்று சொல்லிவிட்டு லிங்கம்மாள் வந்துவிட்டாள்.

6

நான்காவது இதழை அவள் தனியாகவே போட்டாள். அதே இன்ஸ்பெக்டர், அதே மேடு. இந்தத் தடவை இன்ஸ்பெக்டர் இறங்கித் தள்ளுகிறார். முட்டைகள் எல்லாம் இருந்தன. உள்ளே ஒன்றும் இல்லை.

ராமசுப்பு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அக்கா, எழுத்து விட்டுப்போச்சே. மை தீந்துபோச்சா?"

"எழுதத் தெரிஞ்சவுக எழுதிக்கிடட்டும். எழுதுனதத் திருப்பிக் கொண்டாந்து குடு, போதும்."

மூன்று வாரத்தில் பதினொரு தாள் திரும்பி வந்தது. பென்சில், மசி, ஒன்றில் மஞ்சள் கரைத்த தண்ணீர்கூட. லிங்கம்மாள் எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள். ஒரு முட்டையில் எழுத்து பயந்து ஓரமாக ஒண்டியிருந்தது. இன்னொன்றில் முட்டை போதாமல் எழுத்து பஸ்ஸின் மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. என்ன சொல்கின்றன? அதுதான் தெரியவில்லை.

நாகையாவுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். ஒன்றை எடுத்தான். உதடு அசைந்தது. சிரித்தான். புரையேறி இருமினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்ததை எடுத்தான்.

"என்ன போட்டிருக்கு?"

"இத ஒரு பொம்பளகிட்ட எப்படிச் சொல்ல?" என்று வீட்டுக் கன்னடத்தில் சொல்லிவிட்டுத் தறிக்குழிக்குள் இறங்கிவிட்டான். அன்று முழுக்க அவன் தோள் குலுங்கிக்கொண்டே இருந்ததால் துணியில் இரண்டு இழை தப்பியது.

7

இப்போது லிங்கம்மாள் ரூத்தைத் தேடிப் போக வேண்டும். அல்லது ரூத் இவளைத் தேடி வர வேண்டும். யார் முதலில்? ரோஷம் இருவருக்கும் உண்டு. லிங்கம்மாளை அனுப்பி ஒரு வரைவு எழுதினேன். ரூத்துக்கு ஜெயித்த முகம் வந்துவிட்டது. ரூத்தை அனுப்பி எழுதினேன். மன்னிப்புக் கேட்டு ஒரு பக்கம் அழுதாள். இரண்டையும் கிழித்துவிட்டு, அவர்கள் பாட்டுக்கு விட்டேன். நடந்தது இதுதான்:

ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் ஆராதனை முடிகிற நேரம் பார்த்து, லிங்கம்மாள் தாள்களை மடியில் கட்டிக்கொண்டு ரூத் வீட்டுக்குப் போனாள். ரூத்தின் அம்மா கதவைத் திறந்தாள். "ரூத்தா? இப்பத்தான் உங்க வீட்டுக்குன்னு போனா." குறுக்குச் சந்து வழியாகப் போயிருக்கிறாள். லிங்கம்மாள் வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தால், ரூத் ராட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் ஒரு ஊதாத் தாள்.

"இது எங்க டீச்சர் ரூமுல சுத்துச்சு" என்றாள் ரூத். "பெரிய டீச்சரே மேசையக் குத்திச் சிரிச்சாக. உனக்கு வாசிச்சுக் காட்டணும்னு கொண்டுவந்தேன்."

"மாத்தாம வாசிப்பீகளா?"

"ஒரு எழுத்து மாத்த மாட்டேன்."

பன்னிரண்டு தாளும் வாசிக்கப்பட்டன. சில இடங்களில் ரூத் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, துணிக்குள்ளிருந்தே வாசித்தாள். தறிக்குள் நாகையா இருமினான்.

பந்தல்குடி டீக்கடைத் தாளில் மாயக்கா சொன்னது: "சத்தம் போடாமத் தள்ளும். ஹாரன் அடிக்கிறது என் வேல." காரியாபட்டியில் யாரோ பஸ்ஸுக்கே ஒரு முட்டை போட்டுக் கொடுத்திருந்தார்கள்: "கரி போதாது, ரெண்டு இட்லி போடுங்கப்பா." திருச்சுழித் தாளில்: "தள்ளுங்க சாமி. தொந்தி எறங்குனா வீட்டுல உள்ளவுக சந்தோசப்படுவாக." (நாகையாவைப் புரையேற வைத்தது இதுவல்ல. அதை ரூத் வாசித்தாள், நான் எழுதவில்லை. ஆமாம், பயம் எனக்கும்தான்.)

லிங்கம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தான் சொன்னதைவிட நன்றாக இருந்ததில் கொஞ்சம் பொறாமையும் பட்டாள்.

கடைசித் தாளில் ரூத் தடுமாறினாள். இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள்.

"இதுல எழுத்தே இல்ல. ஒரு வாளி மாதிரி என்னமோ இருக்கு. மேல எறும்பு ஊருது."

லிங்கம்மாள் எட்டிப் பார்த்தாள். முட்டைக்குள் யாரோ பென்சிலை எச்சில் தொட்டு அழுத்திப் படம் போட்டிருந்தார்கள்.

"வாளியா? தொப்பி டீச்சரம்மா. கவுத்துப் புடிச்சிருக்கு. எறும்பு இல்ல, கம்பு. 'நீரு தள்ளாட்டி உம்ம தொப்பியில எங்க ஊருக் கம்ப அளந்துருவேன்'ங்கிறா. பக்கத்துல பாருங்க, இன்ஸ்பெக்டருக்கும் முட்டையில போட்டிருக்கு. வழுக்க மண்ட. தொப்பி போனா வெயிலு சுடும்னு பயப்படுதாரு."

ரூத் மறுபடி பார்த்தாள். இப்போது தெரிந்தது. "இத யாரு போட்டிருப்பா?"

"பரளச்சிக்காரி ஒருத்தி. பேரு பேச்சி. என்ன மாதிரி அவளுக்கும் எழுத்து கெடையாது."

ரூத் அந்தத் தாளை மட்டும் தனியாக எடுத்து வைத்தாள். பிறகு, "அடுத்த இதழுக்கு நீ சொல்றத அப்படியே எழுதுறேன்" என்றாள்.

"உங்க எழுத்து தெரிஞ்சிருமே?"

"இடது கையால எழுதிப் பாக்கேன்."

எழுதிப் பார்த்தாள். எழுத்து கள் குடித்தவன் மாதிரி சாய்ந்து சாய்ந்து நடந்தது. எந்தக் கேள்வித்தாளோடும் ஒட்டவில்லை. மூன்றாவது முட்டைக்கு வந்தபோது, லிங்கம்மாள் சொல்லாத ஒரு வார்த்தையும் விழுந்திருந்தது. சாதாரண வார்த்தை இல்லை.

"இது நான் சொல்லலயே?" என்றாள் லிங்கம்மாள், வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு.

"தானா வந்துருச்சு" என்றாள் ரூத். காது சிவந்திருந்தது. "அழிச்சிரட்டுமா?"

"ஐயோ, இருக்கட்டும் டீச்சரம்மா!"

8

முடிவுகள்.

ஒன்று: ரூத் லிங்கம்மாளுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தாள். லிங்கம்மாள் முதன்முதலாகத் தன் பெயரை எழுதியபோது கண்ணீர் — அடித்துவிட்டேன். இது மூன்றாம் இதழில் ரூத் எழுதிய நீதி மாதிரியே இருக்கிறது. அவளுக்கு எழுத்து வேண்டுமென்றால் அவளே கேட்பாள்.

இரண்டு: மேனேஜர் கண்டுபிடித்துவிட்டார். இதைப் பாதி எழுதினேன். மேனேஜர் என்னோடு ஒத்துழைக்கவில்லை. தாளை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார், இன்றுவரை திருப்பித் தரவில்லை.

மூன்று: எனக்குத் தெரிந்தவரை உள்ளது. ஆறாவது இதழ் முடிந்த மறுநாள் ரூத் வந்தபோது சுவர் வெள்ளையடிக்கப்பட்டிருந்தது. லிங்கம்மாள் புதுக் கதை ஆரம்பித்திருந்தாள். ஒரே ஒரு கட்டம். ஒரு பனைமரம். அதன் உச்சியில், மட்டைகளுக்கு நடுவே, வெள்ளைச் சேலையும் கொண்டையுமாக ஒருத்தி நின்றிருந்தாள்.

ரூத் தன் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"நான் எதுக்குப் பன மேல ஏறணும்?"

"நீங்கன்னு யாரு சொன்னா?"

"மூக்கு என் மூக்குல்ல?"

"ஊருல இப்படி மூக்கு நெறய இருக்கு."

"சரி, யாரோ ஒரு டீச்சரு. எப்படி ஏறுனா? எதுக்கு ஏறுனா? விழுவாளா?"

"எனக்கு என்ன தெரியும்? அவ மேல நிக்கா. நான் கீழ இருந்து பாத்துத்தான போட முடியும்" என்றாள் லிங்கம்மாள், ராட்டையைச் சுற்றிக்கொண்டே.

நானும் கேட்டுப் பார்த்தேன். என்னிடமும் சொல்லவில்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போகிற வழியில் ரூத் ஊருணிக்கரைப் பனைமரத்தடியில் நின்றாள். யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை. செருப்பைக் கழற்றிச் சோடியாக ஓரத்தில் வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மரத்தில் ஒரு கையை வைத்து, அண்ணாந்து பார்த்தாள்.

அதுவரைதான் எனக்குத் தெரியும். அதற்கு மேல் உங்கள் பாடு.